கிளினிக் வாங்கில் கற்றது

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். பிள்ளைத் துடிப்பு இன்னும் தெரியவில்லையே என்ற பயத்தோடு ஹேவாஹெட்டயில் கிளினிக் வாங்கில் அமர்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த தோட்டத்துத் தங்கச்சிக்கும் அதே பயம். எதிரே இருந்த ராத்தா சிரித்தார்: "தலைப்பிள்ளைக்குத் துடிப்புத் தெரிய 20 கிழமையும் ஆகும், பயப்படாதீங்க." குடும்பநல மாதுவும் அதையே சொன்னார்.

பேச்சு இரும்புச்சத்து மாத்திரைக்குத் திரும்பியது. நாங்கள் இருவருமே அதைத் தேத்தண்ணியோடுதான் விழுங்கி வந்தோம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட கண்டி மலைநாடல்லவா இது! ஆனால், தேயிலையிலுள்ள டானின் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் இடையே ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். கல்சியம் மாத்திரையையும் வேறு நேரத்தில் எடுக்க வேண்டும். தேசிக்காய்ச் சாறு, தோடம்பழம் இரும்புச்சத்துச் சேர உதவும்.

இரத்தப்போக்கு, கடும் தலையிடி, தெரிந்த துடிப்புக் குறைதல் என்றால் வாங்குப் பேச்சு போதாது. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மற்றப் பயங்கள் சொன்னால் பாதியாகும்.

மறு கிழமை ஒரு பின்னேரம், வயிற்றுக்குள் மெல்லிய துடிப்பு. அல்ஹம்துலில்லாஹ்! அடுத்த கிளினிக்கில் அந்தத் தங்கச்சியைத்தான் முதலில் தேடினேன்.