கேட்டலின் மறுபாதி

தமிழில் ‘கேட்டல்’ என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு: வேண்டுதல், செவிமடுத்தல். வளைகுடாவில் வாழும் கிறிஸ்தவர்களாகிய எமது செபத்தில் முதற்பொருளே மிஞ்சியுள்ளது. ஒப்பந்தம் நீடிக்குமா, ஊர் திரும்பலாமா என விண்ணப்பங்களை அடுக்கிவிட்டு எழுந்துவிடுகின்றோம், பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

இம்மண்ணிலோ காத்திருந்து செவிமடுத்தோரின் சுவடுகள் உள்ளன. அபுதாபியின் சேர் பனியாஸ் தீவில் 1992இல் பண்டைய கிறிஸ்தவத் துறவு மடமொன்றின் இடிபாடுகள் கண்டறியப்பட்டன. உம் அல் குவைனின் சினியா தீவிலும் அத்தகைய மடமொன்று கண்டறியப்பட்டதாக 2022இல் அறிவிக்கப்பட்டது.

இன்றைய கட்டாரை உள்ளடக்கிய பெத் கத்ராயே பிரதேசத்தில் பிறந்தவர் 7ஆம் நூற்றாண்டுத் துறவி ஈசாக்கு. நினிவேயின் ஆயராக்கப்பட்ட அவர், ஐந்தே மாதங்களில் பதவியைத் துறந்து தனிமையை நாடினார். மௌனத்தையும் செபத்தையும் பற்றிச் சிரியாக் மொழியில் அவர் எழுதியவை கிரேக்கத்திற்குப் பெயர்க்கப்பட்டு, இன்றும் பயிலப்படுகின்றன.

இறைவனின் வழிநடத்தல் பெரும்பாலும் குரலாக வருவதில்லை. பலநாட் பொறுமையின் பின், அச்சம் எது, ஆசை எது, அழைப்பு எது எனப் பிரித்தறியும் தெளிவாகவே வருகின்றது. வாழ்வின் பெரும் முடிவுகளை அவசரத்தில் எடுக்க நேர்ந்தவர்கள் நாம். இனியேனும், அறை விளக்கு அணைந்தபின் பத்து நிமிடங்கள், எதனையும் வேண்டாது செவிமடுத்திருப்போம்.