கடக்வாஸ்லா மாவு: பல நாட்டுப் பிள்ளைகளோடு படிப்பது எப்படி வேலை செய்கிறது?

இட்லிக்கு அரைப்பவர்களுக்குத் தெரியும், அரிசியும் உளுந்தும் ஒரே பாத்திரத்தில் கிடந்தால் மட்டும் மாவு பொங்கிவிடாது என்று. உளுந்து பழையதாக இருந்தால் பொங்காது. தண்ணீர் கூடினால் பொங்காது. மார்கழிக் குளிரில் விடிந்து வெகுநேரமாகியும் அப்படியே கிடக்கும். நம் பல்கலைக்கழகங்களில் பல இதை மறந்துவிடுகின்றன. பத்திருபது நாட்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் கொடி ஊர்வலமும் உணவுத் திருவிழாவும் நடத்துகிறார்கள். பிறகு, "எங்கள் மாணவர்களின் பார்வை உலகளாவியது" என்று பளபளப்பான தாளில் அச்சடித்துவிடுகிறார்கள். ஒரே இடத்தில் வைத்தால் தானாகச் சேர்ந்துவிடுமா?

சேருவது எப்படி என்று பார்க்க, புனேயிலிருந்து சிங்ககட் கோட்டைக்குப் போகும் வழியில் உள்ள கடக்வாஸ்லாவுக்குப் போகலாம். ஏரிக்கரையில் இருக்கிறது தேசியப் பாதுகாப்பு அகாடமி. 1949-இல் டேராடூனில் முப்படைக்கும் பொதுவான பிரிவாகத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 6 அன்று நேரு இங்கே அடிக்கல் நாட்டினார். 1954 டிசம்பரில் பயிற்சி இங்கே இடம்பெயர்ந்தது. 1955 ஜனவரி 16 அன்று முறையாகத் திறக்கப்பட்டது. ராணுவப் பள்ளிக்கும் உலகக் கல்விக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பள்ளி முடித்துச் சேரும் பிள்ளைகள் மூன்று ஆண்டு இங்கேயே தங்குகிறார்கள்; பலர் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டத்தோடு வெளியேறுகிறார்கள். அரபு, சீனம், பிரெஞ்சு, ரஷ்யன் போன்ற மொழிகளும் போர்க்காலச் சட்டங்களும் பாடத்தில் உண்டு. பூடான், மாலத்தீவு, தஜிகிஸ்தான், வியட்நாம் போன்ற நட்பு நாடுகளின் பிள்ளைகளும் உடன் படிக்கிறார்கள்.

அகாடமியின் தலைமைக் கட்டடத்துக்குப் பெயரே சூடான் பிளாக். இரண்டாம் உலகப்போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்திய வீரர்கள் செய்த தியாகத்துக்கு நன்றியாக, 1941-இல் சூடான் அரசு ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தது. பிரிவினைக்குப் பின் இந்தியாவின் பங்காக வந்த 70,000 பவுண்டு இந்தக் கட்டடத்துக்குப் போனது. 1959 மே 30 அன்று திறந்துவைத்தவர் சூடானின் தூதர். பதினெட்டு வயதுப் பையன் நாள்தோறும் கடந்துபோகும் கட்டடம், அவன் பாட்டன் காலத்து ஆள் ஒருவர் ஆப்பிரிக்காவில் போரிட்டார் என்று சொல்கிறது. ஆனால் கட்டடங்கள் யாரையும் மாற்றிவிடுவதில்லை. மாவுக்குத் திரும்புவோம்.

முதலில் அளவு. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது பொதுக் கணக்கு. உளுந்து குறைவுதான், ஆனால் பொங்க வைப்பது அதுதான். கடக்வாஸ்லாவில் ஒரு பாசிங் அவுட் பரேடில் வெளியேறும் முந்நூறு சொச்சம் பேரில் வெளிநாட்டினர் இருபதை ஒட்டி இருப்பார்கள், சில சமயம் இன்னும் குறைவு. தனியாக ஒரு மூலையைப் பிடித்து, தங்களுக்குள்ளேயே பேசி மூன்று ஆண்டை ஓட்டிவிட இந்த எண்ணிக்கை போதாது. அதுதான் நல்லது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் நம் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் ஒரே அடுக்ககத்தில் தங்கி, நம் ஊர் மளிகையையே வாங்கி, நம் ஊர்ப் படமே பார்த்துத் திரும்புவதையும் பார்க்கிறோம். கட்டணம் மட்டும் உலகத் தரத்தில் போகிறது.

அடுத்து, தனித்தனியாக அரைப்பது. உளுந்தை நைசாக, பந்துபோல எழும்பும்வரை ஆட்ட வேண்டும். அரிசி சற்றுக் கொரகொரப்பாக நிற்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஓட்டினால் இரண்டுமே கெடும். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் அமராவதி நகர் சைனிக் பள்ளியில் படித்து கடக்வாஸ்லாவுக்குப் போகும் பையனை நினைத்துப் பாருங்கள். அவனுக்கு இந்தி இடறும். வியட்நாமிலிருந்து வரும் பையனுக்கு இந்தியோடு ஆங்கிலமும் இடறலாம். ஆளுக்கு ஆள் தடுமாறும் இடம் வேறு, வேண்டிய உதவியும் வேறு. உள்ளூர்க்காரன், வெளியூர்க்காரன் என்ற கோட்டை அந்தத் தடுமாற்றமே கலைத்துவிடுகிறது. மைதானத்தில் இந்தியில் கட்டளை பறக்கும்போது, தமிழ்ப் பையனும் வியட்நாம் பையனும் ஒரே கட்சி!

பிறகு கலப்பது. கையால்தான் கலக்க வேண்டும் என்று பாட்டிமார் சொல்வார்கள். இங்கே அந்தக் கையின் பெயர் ஸ்குவாட்ரன். அகாடமியில் 18 ஸ்குவாட்ரன்கள். தரைப்படைக்குப் போகிறவன், கடற்படைக்குப் போகிறவன், விமானப்படைக்குப் போகிறவன், முதல் டெர்ம் பையன், ஆறாவது டெர்ம் சீனியர் எல்லாரும் ஒரே ஸ்குவாட்ரனில் இருப்பார்கள். வெளிநாட்டுக் கேடட்களும் இவற்றுக்குள்தான் பிரிந்து இருக்கிறார்கள். சாப்பாடு எல்லாருக்கும் ஒரே பெரிய மெஸ்ஸில். காம்ப் ரோவர், காம்ப் தோர்ணா என்று மலைக்காட்டு முகாம்களுக்குப் போகும்போது, மூட்டையைத் தூக்க முடியாதவனின் மூட்டையை யாராவது தூக்கியாக வேண்டும். தூக்குகிறவனின் பாஸ்போர்ட் எந்த நிறம் என்று அந்த நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை.

இதற்கு ஒரு கோட்பாடும் உண்டு. கடக்வாஸ்லாவில் பயிற்சி தொடங்கிய அதே 1954-இல், அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் தப்பெண்ணம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வேறு வேறு கூட்டத்தார் சந்தித்தால் மட்டும் வெறுப்பு குறையாது என்றார். சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டு உழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு ஆகிய நான்கும் இருந்தால் அந்தச் சந்திப்பு வேலை செய்யும் என்பது அவர் வாதம். அகாடமியில் சீனியர், ஜூனியர் என்ற ஏற்றத்தாழ்வு கடுமையானது. ஆனால் அது நாட்டைப் பார்த்து வருவதில்லை. மற்ற மூன்றும் அங்கே நேர அட்டவணையிலேயே எழுதப்பட்டிருக்கின்றன.

இனி மூடி வைத்துக் காத்திருப்பது. மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிரை யாரும் கடையில் வாங்கிப் போடுவதில்லை. லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா உளுந்தோடு வந்து, சூடும் நேரமும் கிடைத்ததும் வேலையைத் தொடங்கி வாயுவை வெளிவிடுகிறது. அந்த வாயுவை வெளியேறவிடாமல் பிடித்து வைப்பதும் உளுந்தின் வழவழப்புதான். அப்படியானால் மாணவனுக்குள் பொங்குவது எது? பெட்டிக்ரூ, ட்ராப் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் 515 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, வேறு கூட்டத்தாரோடு பழகுவது பெரும்பாலும் தப்பெண்ணத்தைக் குறைக்கிறது என்று கண்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஏன் குறைகிறது என்றும் பார்த்தார்கள். மற்றவரைப் பற்றிய அறிவு கூடுவது ஓரளவு உதவியது. அவரோடு பழகுவதில் நமக்கு உள்ள பதற்றம் தணிவதும், அவர் இடத்திலிருந்து பார்க்க முடிவதும் அதைவிட அதிகம் உதவின. தஜிகிஸ்தானின் தலைநகரத்தை மனப்பாடம் செய்வதைவிட, தஜிக் பையனோடு சேர்ந்து தண்டனை ஓட்டம் ஓடுவது பலன் தரும் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் கைக்குப் போனபோது, இந்திய ராணுவப் பயிற்சிக் கழகங்களில் ஆப்கான் இளைஞர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அனுப்பிய அரசே இல்லாமல் போயிற்று. அதுவரை செய்தித்தாளின் ஏழாம் பக்கத்தில் கிடந்த நாடு, உடன் பயின்றவர்களுக்கு ஒரே நாளில் நண்பனின் வீடாக மாறியிருக்கும். எந்தப் புவிசார் அரசியல் பாடமும் இதைக் கற்றுக்கொடுக்காது.

குறை இல்லாமல் இல்லை. 2022 வரை இந்தப் பாத்திரத்தில் பெண்களுக்கு இடமே இல்லை. உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. 2025 மே 30 அன்று 17 பெண்கள் முதன்முதலாகப் பயிற்சி முடித்து வெளியேறினார்கள். 1955 திறப்பிலிருந்து கணக்கிட்டால், பாதி உலகத்தை வெளியே நிறுத்திவிட்டு உலகப் பார்வை பேசிய ஆண்டுகள் 67. இன்னொன்று, எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்கும் இடம் அது. கேள்வி கேட்கப் பழக்கும் பல்கலைக்கழகத்தின் வேலையை அது செய்துவிடும் என்று நான் நம்பவில்லை.

பல்கலைக்கழகத்தில் பல நாட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து வைக்கும் வேலைக்கும் புனேயிலேயே ஒரு முன்னோடி உண்டு. ஃபெர்குசன் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த எஸ்.பி. முஜும்தார், மஞ்சள் காமாலையில் படுத்திருந்த மொரீஷியஸ் மாணவருக்கு ஒரு பெண் விடுதி ஜன்னல் வழியாகச் சாப்பாடு கொடுப்பதைப் பார்த்தார். வெளிநாட்டு மாணவர்களின் தனிமை அவரை உறுத்தியது. 1971-இல் சிம்பயாசிஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பாடத்திட்டம் வகுப்பதில் தொடங்கவில்லை அவர். ஒரு பையனின் பசியில் தொடங்கினார்.

ஆகவே, பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகும் பெற்றோரே, எத்தனை நாட்டு மாணவர்கள் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அவர்கள் எந்த விடுதியில் தூங்குகிறார்கள், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், குழு வேலைக்குப் பிள்ளைகளைப் பிரிப்பது யார் என்று கேளுங்கள். "அவர்களுக்குத் தனி விடுதி, தனி மெஸ்" என்று பெருமையாகப் பதில் வந்தால், அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.