நகையும் நோயும்

நகை தமிழ் நூலோரால் அற்பமாக எண்ணப்பட்டதொன்றன்று. மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர் அவற்றுள் நகையையே முதற்கண் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் அது பிறக்கும் நிலைக்களன்கள் என்பது அவர் கொள்கை. முறுவலித்தல், அளவாகச் சிரித்தல், பெருகச் சிரித்தல் என நகையை மூவகைப்படுத்துவர் உரையாசிரியராகிய பேராசிரியர். உள்ளத்து நிகழ்வது உடம்பின்கண் வெளிப்படுதலே மெய்ப்பாடாதலின், நகைக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பு பண்டே உணரப்பட்டதாகும். அந்நகை உடலின் நோயைத் தணிக்கவும் வல்லதோ என்பது ஆராயத்தக்க வினா. பொருள்வளமும் மருத்துவ வசதியும் குன்றிய சிற்றூர்கள் இவ்வினாவுக்குத் தம் வழக்கங்கள் வாயிலாக ஒரு விடை கண்டுள்ளன.

இலங்கையின் தென்கரையோரச் சிங்களச் சிற்றூர்களில் வழங்கிவந்த 'சன்னி யகும' என்னும் சடங்கு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சன்னிப் பேய்கள் 18 என்பதும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோயை விளைக்கும் என்பதும் அம்மக்களின் நம்பிக்கை. குருடு, செவிடு, முடம், ஊமை முதலிய குறைகளையும், காய்ச்சல், வாந்தி முதலிய பிணிகளையும் காட்டும் முகமூடிகளை அணிந்த ஆட்டக்காரர், நோயாளியின் வீட்டு முற்றத்தில் ஒருவர்பின் ஒருவராகத் தோன்றுவர். இரவு முழுவதும் நிகழும் அச்சடங்கைக் காண அயலவர் யாவரும் கூடியிருப்பர். பேய் முதலில் அச்சந்தரும் கோலத்தோடு பாய்ந்து வரும். மேளகாரர் அதனை மறித்து வினாவுவர். பேயோ சொற்களைப் பிழைபடக் கேட்டு, முறைமாறி விடை கூறித் தன் பெருமையைத் தானே கெடுத்துக்கொள்ளும். கூட்டம் வாய்விட்டுச் சிரிக்கும். ஈற்றில் பேய் காணிக்கையைப் பெற்று, புத்தரின் ஆணைக்குப் பணிந்து அகலும்.

இச்சடங்கைக் கணநாத் ஒபயசேகர 1969 இல் வெளியிட்ட கட்டுரையிலும், புரூஸ் கப்பெரர் 1983 இல் வெளியிட்ட நூலிலும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அச்சத்தாற் பிணிக்கப்பட்டுத் தனிமைப்பட்ட நோயாளியை, ஏனையோர் வாழும் பொதுவுலகுக்கு மீட்டுக் கொணர்வதில் நகைக்குப் பெரும்பங்குண்டு என்பது கப்பெரர் கருத்தின் சாரம். இங்கே கூர்ந்து நோக்கற்பாலது ஒன்றுண்டு. முகமூடியானது நோயை நோயாளியினின்றும் பிரித்து, யாவரும் காண முற்றத்தில் நிறுத்துகின்றது. ஊரவர் அந்நோயை நகுகின்றனர்; நோயாளியும் அவர்களோடு சேர்ந்து நகுகின்றார்.

மட்டக்களப்புத் தமிழூர்களின் கொம்புமுறி விளையாட்டும் இதனோடு ஒருபுடை ஒப்பதே. மழை பொய்த்துக் கொள்ளைநோய் பரவிய காலங்களிற் கண்ணகியம்மனின் சினந் தணியுமாறு அது நிகழ்த்தப்பட்டது. ஊரவர் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிந்து கொம்புகளைப் பிணைத்து இழுப்பர். ஒருவரையொருவர் வசைப்பாட்டால் எள்ளுவர். பிறரைத் தான் எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதலும் எள்ளலுள் அடங்கும் எனப் பேராசிரியர் கொண்டது ஈண்டு நினைக்கத்தகும். வறட்சியும் நோயச்சமும் வாட்டிய ஊர் ஒருங்குகூடிச் சிரித்தற்கு அவ்விளையாட்டு இடமளித்தது.

இக்கால ஆய்வுகளும் கூடிச் சிரித்தலின் பயனையே வற்புறுத்துகின்றன. தனித்திருக்கும்போதினும் பிறரோடு கூடியிருக்கும்போது மனிதர் ஏறத்தாழ 30 மடங்கு சிரிக்கின்றனர் என்பது றொபேட் புரொவைன் என்னும் உளவியலாளரின் கணிப்பு. ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் றொபின் டன்பாரும் பிறரும் 2012 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கூடியிருந்து சிரித்தோரின் நோவு தாங்கும் ஆற்றல் மிகுந்தது. உடலிலேயே சுரக்கும் எண்டோர்பின் என்னும் நோவகற்றிப் பொருள் அதற்குக் காரணமாகலாம் என அவர்கள் கருதினர். நண்பரோடு சிரித்தபின் மூளையில் அத்தகைய பொருள்கள் வெளிப்படுதலைப் பின்லாந்தின் துர்க்கு நகர ஆய்வாளர் 2017 இற் படம்பிடித்துக் காட்டினர். எனினும், அவர்கள் ஆராய்ந்தோர் பன்னிருவரே. இவை தொடக்கநிலை முடிபுகள்; நோவு தணிதல் வேறு, நோய் தீர்தல் வேறு.

இவ்வேறுபாட்டை மறத்தல் வறியோர்க்குப் பெருங்கேடாகும். 1934-35 ஆம் ஆண்டுகளிற் கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளின் சிற்றூர்களைத் தாக்கிய மலேரியா, இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. விளைவு குன்றி உணவின்றி மெலிந்திருந்தோரே அதற்குப் பெரிதும் இரையாயினர். அன்று வேண்டப்பட்டவை கொயினாவும் சோறும் ஆகும். நுளம்பொழிப்பும் இடையறாத மருத்துவக் கண்காணிப்புமே இந்நாட்டை 2016 இல் மலேரியா அற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனம் சான்றளிக்கும் நிலைக்குக் கொணர்ந்தன. சிற்றூரார் சிரித்த முகத்தினர், ஆதலின் அவர்க்குக் குறையொன்றுமில்லை எனக் கொள்வது, அவர்க்குரிய வைத்தியசாலையையும் உணவையும் மறுத்தற்குச் சொல்லும் சாட்டாக முடியும்.

ஆயினும், வைத்தியசாலை தரும் மருந்தோடு சேர்த்து நோயாளிக்கு வேண்டுவது பிறிதொன்றுமுண்டு. நீடித்த பிணியால் வீட்டின் ஒரு மூலையில் ஒதுங்கியவர், தாம் ஊருக்குப் பாரமானார் என எண்ணத் தலைப்படுவர். அயலவர் வந்து அருகிருந்து பழங்கதை பேசிச் சிரிக்கும்போது, அவரும் முறுவலித்து மீண்டும் ஊரவருள் ஒருவராகின்றார். இதற்குப் பொருட்செலவு வேண்டுவதில்லை, வருவோர் வேண்டும். சன்னியாட்டம் இன்று உல்லாசப் பிரயாணிகளுக்கான காட்சியாகவும் மேடையேறுகின்றது. அச்சடங்கின் பேய்களை நம்பாதோரும், நோயாளியைத் தனியே விடாது இரவெல்லாம் உடனிருந்து சிரித்த அவ்வூராரின் அறிவைப் போற்றுதல் தகும்.