சீதம் என்னும் காவல்

புதுப்பட்டினத்தில் கெளுத்தி மீன் வாங்கி வந்தால், கல்லுப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால்தான் அதன் வழவழப்பு போகும். கடல்நீரில் உள்ள கிருமிகள் மீனின் உடம்புக்குள் புகாமல் தடுப்பது அந்த வழவழப்புதான். நம் குடலின் உட்புறத்திலும் அப்படி ஒன்று பூசியிருக்கிறது. அதன் தமிழ்ப்பெயர் சீதம். சீதபேதி என்ற சொல்லில் மட்டும் அதைக் கேட்டுப் பழகியதால், நம்மைக் காக்கும் பொருளையே நோய் என்று எண்ணிவிட்டோம்.

குடலின் உள்சுவர் ஒரே ஒரு செல் கனம்தான். அதில் இடையிடையே கிண்ணம் போன்ற செல்கள் இருந்து மியூசின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைச் சங்கிலிகள். தண்ணீர் பட்டதும், ஊறிய சப்ஜா விதையைச் சுற்றிப் படரும் கூழ் போல ஆகிவிடும். பெருங்குடலில் இந்தச் சீதம் இரண்டு அடுக்கு. வெளியடுக்கில் பாக்டீரியா குடியிருக்கும். உள்ளடுக்கில் அநேகமாக ஒன்றுமே இருக்காது. சுவீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் 2008இல் எலியின் குடலில் இதைக் கண்டார்கள்.

சிறுகுடலில் ஓரடுக்குதான், அதுவும் தளர்வானது. சாப்பிட்டது உடம்பில் சேர வேண்டுமே! அதனால் அங்கே கிருமிகொல்லிப் புரதங்களும் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளும் கூடுதலாகக் காவல் நிற்கின்றன.

காலரா கிருமி குறி வைப்பது இந்தச் சிறுகுடலைத்தான். உப்பங்கழிகளில் நுண்ணிய ஓட்டுயிர்களின் மேல் ஒட்டி வாழக்கூடிய அது, ஒற்றை வாலைச் சுழற்றிச் சீதத்துக்குள் நீந்துகிறது. மியூசினை வெட்டும் நொதியையும் விடுகிறது. சுவரை எட்டியதும் ஒட்டிக்கொண்டு நஞ்சைச் சுரக்கிறது. அப்படியொரு நஞ்சு இருப்பதைக் கல்கத்தாவில் சம்புநாத் தே, முயலின் குடலை நூலால் கட்டிச் சோதித்து 1959இல் காட்டினார். நஞ்சு பட்ட செல்கள் உப்பையும் நீரையும் குடலுக்குள் கொட்டுகின்றன. அரிசி களைந்த தண்ணீர் மாதிரிப் போகும் பேதியில் மிதக்கும் வெள்ளைத் துணுக்குகளில் பிய்ந்து வந்த சீதமும் இருக்கிறது.

1992இல் சென்னையில் ஓ139 என்ற புதுவகைக் காலரா தலைகாட்டியது. சீதத்தோடு காவல் நின்ற, பழைய ஓ1 வகைக்குப் பழகிய எதிர்ப்பொருள்களுக்கு அதன் புதிய மேலுறை அடையாளம் தெரியவில்லை. அதனால் பழைய வகைக்கு எதிர்ப்பு பெற்றிருந்த பெரியவர்களும் பெருமளவில் படுத்தார்கள்.

சீதத்தைக் கரைப்பது வெளிக்கிருமி மட்டுமல்ல. நார்ச்சத்தே இல்லாத தீனி தின்ற எலிகளை 2016இல் ஆராய்ந்தபோது, அவற்றின் குடலில் குடியிருந்த பாக்டீரியாவே பசிக்குச் சீதத்தின் சர்க்கரையைத் தின்று அதை மெலிய வைத்திருந்தன. அந்த மெலிந்த இடம் வழியாகத்தான் நோய்க்கிருமி சுவரை எட்டியது.