தம்பிக்கும் ஒரு இ.சி.ஜி.

2023 ஜனவரி 27. ஆந்திராவின் குப்பத்தில் தெலுங்கு தேசம் கட்சியின் நாரா லோகேஷ் தொடங்கிய நடைப்பயணத்தில் கலந்துகொண்ட நடிகர் தாரக ரத்னா மயங்கிச் சரிந்தார். என்.டி.ராமராவின் பேரன், வயது 39. மாரடைப்பு என்றார்கள் மருத்துவர்கள். பெங்களூரு மருத்துவமனையில் பிப்ரவரி 18 அன்று உயிர் பிரிந்தது.

திருப்பதி பக்கத்து வடமாலபேட்டையிலோ புத்தூரிலோ இப்படி ஒரு சாவு விழுந்தால், தமிழ் பேசும் வீடோ தெலுங்கு பேசும் வீடோ, புலம்பல் ஒன்றுதான்: "நேத்து ராத்திரிகூட நல்லாத்தானே இருந்தான்." கண் பட்டுவிட்டது என்பார்கள், விதி என்பார்கள். உடம்பை அறுக்க மனம் வராது, அன்றைக்கே எடுத்துவிடுவார்கள். அந்த வேதனை புரிகிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: அதே வீட்டில் இன்னொரு உயிரும் ஆபத்தில் இருக்கலாம்.

ரத்தக்குழாய் அடைபட்டால் மாரடைப்பு. மின்துடிப்பு குலைந்து இதயம் வெறுமனே நடுங்கி நின்றுபோவது வேறு. முப்பத்தைந்தைத் தாண்டியவர்களிடம் பெரும்பாலும் அடைப்புதான் இதயத்தை நிறுத்துகிறது. அதற்கும் இளையவர்களிடம் பிறவிக் கோளாறுகளைத் தேட வேண்டும். இதயத் தசை தடித்துப்போவது ஒன்று. பிரேதப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். லாங் க்யூடி போன்ற மின்கோளாறில் இதயம் பார்வைக்குப் பழுதில்லாமல் இருக்கும். அப்போது மரபணுச் சோதனைக்கு எடுத்துவைத்த ரத்தம்தான் துப்பு.

இவை பெரும்பாலும் தாய் அல்லது தந்தை ஒருவரிடமிருந்தே வந்துவிடும். அப்படியானால் அண்ணனிடம் இருந்தது தம்பிக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நம் மண்ணுக்கே உரிய செய்தி ஒன்றும் உண்டு. ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தின் குமாரசாமி தங்கராஜ், தண்டபாணி முதலானோர் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம் தெற்காசியர்களில் நூற்றுக்குச் சுமார் நால்வரிடம் இருக்கிறது. இதைச் சுமப்பவர்கள் எல்லோரும் நோயாளிகள் அல்லர். பாதிப்பு வந்தாலும் பலருக்கு நடுவயதுக்குப் பிறகே வருகிறது.

குடும்பக் கதைகளைக் கிளறிப் பாருங்கள். நன்றாக நீந்தத் தெரிந்தும் கிணற்றில் மூழ்கிய சித்தப்பா இருக்கலாம். லாங் க்யூடியின் ஒரு வகை நீச்சலின்போது தாக்கும், இன்னொரு வகை திடீரென மணி அடித்தாலே தாக்கும். வலிப்பு என்று மாத்திரை தின்ற அத்தைக்கு உண்மையில் வலிப்பே இல்லாதிருக்கலாம். தூக்கத்திலேயே போன தாத்தாவின் வயதையும் கேளுங்கள். ஓடும்போது வரும் மயக்கத்தைச் சாப்பிடாததால் வந்தது என்று தள்ளிவிடக் கூடாது.

இறந்தவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் அனைவரும் இதய மருத்துவரிடம் போக வேண்டும். இ.சி.ஜி.யும் எக்கோவும் திருப்பதியிலேயே எடுக்கலாம். அங்குள்ள ஸ்விம்ஸ் மருத்துவமனையில் இதயப் பிரிவு இருக்கிறது. கோளாறு தெரிந்தால் சிலருக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரையே போதும். சிலருக்குத் துடிப்பு குலைந்தால் அதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவியை நெஞ்சில் பொருத்துவார்கள். 2021 யூரோ கோப்பை ஆட்டத்தில் விழுந்து பிழைத்த டென்மார்க் வீரர் எரிக்சன், அந்தக் கருவியோடு அடுத்த ஆண்டே மைதானம் திரும்பினார்.

பிள்ளைகளுக்கு ஒருமுறை பார்த்து எல்லாம் சரி என்று வந்ததோடு விட்டுவிடக் கூடாது. தசைத் தடிப்பு பலருக்கு வளரும் வயதில்தான் தலைகாட்டும். எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.