பரங்கிக்காய் பறிக்க நுழைவுக் கட்டணம்!

அக்டோபர் மாதத்துச் சனி, ஞாயிறுகளில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலக் கிராமச் சாலைகளில் கார்கள் வரிசைகட்டும். இடுப்பில் கைக்குழந்தை, கையில் நான்கு வயதுப் பிள்ளை என நகரத்திலிருந்து வரும் இளம் தம்பதிகளே அதிகம். வருவது பரங்கித் தோட்டத்துக்கு. பல தோட்டங்களில் உள்ளே நுழையவே ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. எடுத்துச்செல்லும் காய்க்கு விலை தனி.

அக்டோபர் 31 அங்கே ஹாலோவீன். பரங்கிக்காயைக் குடைந்து, கண், வாய் செதுக்கி, உள்ளே விளக்கேற்றி வாசலில் வைப்பார்கள். காய் கடையிலும் கிடைக்கிறது. ஆனாலும் பிள்ளை தன் கையால் வயலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்காகவே பெற்றோர் வண்டி எடுத்து வருகிறார்கள்.

முதல் தடவை வரும் குடும்பத்தை டிராக்டர் டிரெய்லரில், வைக்கோல் கட்டுகள் மேல் உட்காரவைத்து வயலுக்கு அழைத்துப் போகிறார்கள். பிள்ளை நேராகப் போய் நிற்பது இருப்பதிலேயே பெரிய காயிடம்தான். காம்பைப் பிடித்து இழுக்கும், காம்பு ஒடியும். செதுக்குவதற்கு வாங்குபவர்கள் காம்பில்லாத காயைச் சீண்டுவதில்லை. ஒடிந்த இடத்தில் அழுகலும் சீக்கிரம் தொடங்கும். அதனால் 'காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள்' என்று பலகை வைக்கிறார்கள். 'ஜாக் பி லிட்டில்' போன்ற, உள்ளங்கையில் அடங்கும் குட்டி ரகங்களையும் பயிரிடுகிறார்கள். குழந்தை தூக்கக்கூடிய காய் குழந்தைக்கு, பெரியது அப்பாவுக்கு. ஒரு குடும்பம், இரண்டு விற்பனை!

காயை மட்டும் நம்பினால் சிறு விவசாயிக்கு அங்கே கட்டுப்படியாகாது. அமெரிக்காவில் பரங்கி விளைச்சலில் முதலிடம் இல்லினாய்ஸுக்கு. அதில் பெரும்பகுதி ஆலைக்குப் போகிறது. டப்பாவில் விற்கும் பரங்கி விழுது பெரும்பாலும் மார்ட்டன் என்ற சிற்றூரிலுள்ள 'லிபிஸ்' ஆலையிலிருந்து வருவது. அங்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2009-ல் அறுவடை நேரத்து மழையில் இயந்திரங்கள் வயலில் இறங்க முடியவில்லை. காய்கள் சேற்றிலேயே அழுக, நாடெங்கும் டப்பா பரங்கிக்குத் தட்டுப்பாடு வந்தது.

தோட்டத்தைத் திறந்துவிடும் விவசாயிக்குக் கவலை வேறு மாதிரி. அவருக்குக் கிடைப்பது நான்கைந்து வார இறுதிகள்தான். அதில் இரண்டு மழையில் போனால் வருட வருமானமே ஆட்டம் காணும். நவம்பர் 1 அன்று செதுக்கும் பரங்கியை வாங்க ஆளே இருக்காது. எனவே விதைப்பைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதிக்குள் முடிக்கிறார்கள். முந்தினால் கூட்டம் வருமுன் காய் முற்றி அழுகும். பிந்தினால் உறைபனி முந்திக்கொள்ளும்.

வெளியிலிருந்து காய்களை வாங்கி வயலில் பரப்பிவைக்கும் தோட்டங்களும் உண்டு. காய்ந்த கொடிகூட இல்லாத தரையில் காய்கள் மட்டும் கிடந்தால், அது வயல் இல்லை, கடை. கட்டணம் வாங்குபவர் அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.

நம்மூருக்கு வருமா?

லிபிஸ் ஆலைக்காக விளைவிக்கும் 'டிக்கின்சன்' ரகமும், நாம் பரங்கி, மஞ்சள் பூசணி, அரசாணி என்று அழைக்கும் காயும் 'குக்கர்பிட்டா மஸ்கேட்டா' என்ற ஒரே இனம். (திருஷ்டிக்கு உடைக்கும் வெண்பூசணி வேறு செடி.) வரத்து கூடினால் பறிகூலிகூடத் தேறாமல் காயை வயலிலேயே விடுவதும் நமக்குப் புதிதல்ல.

நகரத்துக்கு அருகில் நிலம் இருப்பவர்கள் அரை ஏக்கரில் சோதித்துப் பார்க்கலாம். முதல் வேலை, கிணற்றுக்குத் தடுப்புச் சுவர். குழந்தைகள் ஓடும் இடத்தில் மின்வேலி கூடவே கூடாது. பூச்சிமருந்து தெளித்திருந்தால் காத்திருப்புக் காலம் முடியும்வரை யாரையும் உள்ளே விடக்கூடாது. வரிசைகளுக்கு நடுவே கொடியை மிதிக்காமல் நடக்க அகலமான பாதை வேண்டும்; நிழலும் குடிநீரும் கழிப்பறையும் வேண்டும். மகாராஷ்டிர அரசு வேளாண் சுற்றுலாவுக்கென 2020-ல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது.

காலக்கணக்கும் நமக்குச் சாதகமானதே. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2 ரகத்துக்கு வயது சுமார் 135 நாட்கள். டிசம்பர் நடுவில் விதை ஊன்றினால் ஏப்ரல் கடைசியில், பள்ளிக் கோடை விடுமுறையில் காய் முற்றியிருக்கும்.