பெண்களின் கடும் அடிவயிற்று வலி: காரணமறிதலில் வினாக்களின் வரிசை

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தறிந்த பின்னரே மருத்துவஞ் செய்தல் வேண்டும் என்பது, திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்தின் வாயிலாக நாம் நன்கறிந்த நெறியாகும். மருத்துவக் கல்வியின் அடித்தளமாக இந்நெறி இன்றும் விளங்குகின்றது. எனினும், காரணம் முற்றாகத் தெளிவாகும்வரை காத்திருக்க இடந்தராத சில நிலைகளும் உள. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்ணொருத்திக்குத் திடீரெனத் தோன்றும் கடுமையான அடிவயிற்று வலி அவற்றுள் ஒன்று. இவ்வலிக்குரிய காரணங்கள் எவை, மருத்துவர் அவற்றை எவ்வாறு பிரித்தறிகின்றார், எவ்வினா முதலில் எழுப்பப்படல் வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மாத்தளை மாவட்டத்தின் ரிவர்ஸ்டன் மலைப்பகுதியை முன்னிறுத்தி இதனை நோக்குவோம். வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் இடைப்பட்ட தூரம் நோயறிதலின் ஒழுங்கைத் தீர்மானிக்கும் பாங்கினை இப்பகுதி நன்கு புலப்படுத்துவதே அதற்குக் காரணம்.

ரிவர்ஸ்டன், நக்கிள்ஸ் மலைத்தொடரில், மாத்தளை நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரத்தில் அமைந்துள்ளது. மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ஏறும் பாதை, இவ்விடத்தைக் கடந்து, இலுக்கும்புர, லக்கல பல்லேகம ஆகிய இடங்களை நோக்கிக் கீழிறங்குகின்றது. காற்றும் மூடுபனியும் மிக்க இக்கணவாயின் இரத்தோட்டைப் பக்கச் சரிவுகளில் தேயிலைத் தோட்டங்களும், மறுபக்கத்தில் நெல் விளையும் சிங்களக் கிராமங்களும் உள. சத்திரசிகிச்சைக் கூடமும் குருதி வங்கியும் வேண்டும் நோயாளி மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ, அதற்கப்பால் கண்டித் தேசிய வைத்தியசாலைக்கோ செல்லுதல் வேண்டும். வரைபடத்தில் இத்தூரம் சிறிதே. ஆயினும் லயத்திலிருந்து பெருந்தெருவரை நடந்தோ தூக்கிச் செல்லப்பட்டோ வரவேண்டிய வழியும், வளைவுகள் நிறைந்த மலைப்பாதையும், மழைக்கால மண்சரிவும் கணக்கிற் சேர்க்கப்படுமிடத்து இதே தூரம் மணிக்கணக்காக நீளக்கூடும்.

இனி, அடிவயிற்று வலியின் காரணமறிதல் கடினமாயிருப்பது ஏன் என்பதைக் காண்போம். அடிவயிற்றினுள் கருப்பை, சூலகங்கள், பலோப்பியன் குழாய்கள், சிறுநீர்ப்பை, சிறுநீர்க்கான்கள், குடலின் கீழ்ப்பகுதி, குடல்வால் ஆகியன நெருங்கி அமைந்துள்ளன. இவ்வுள்ளுறுப்புகளிலிருந்து வலியைக் கொண்டுசெல்லும் நரம்புகள் முண்ணாணின் ஏறத்தாழ ஒரே பகுதிகளைச் சென்றடைகின்றன. ஆதலால், தொடக்கத்தில் எவ்வுறுப்பு நோயுற்றதென்பதை நோயாளியால் திட்டமாகச் சுட்ட இயலாது. வயிற்றின் நடுவில் மந்தமான வலியாகவே அது உணரப்படும். அழற்சியோ குருதியோ வயிற்றறையின் உட்சவ்வைத் தொட்ட பின்னரே வலி ஓரிடத்தில் கூர்மையடைகின்றது. குடல்வால் அழற்சியில் தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி சில மணிநேரத்தின் பின் வலது அடிவயிற்றுக்கு இடம்பெயர்வது இதனாலேயாம்.

காரணங்களை அவை நிகழும் மிகுதிகொண்டு வரிசைப்படுத்தல் ஒரு முறை. அவை விளைக்கும் ஆபத்தைக் கொண்டு வரிசைப்படுத்தல் மற்றொரு முறை. மாதவிடாய் வலி, சிறுநீர்த் தொற்று, குடற் கோளாறு ஆகியன மிகுதியாகக் காணப்படுவன. ஆயினும் அவற்றை முதலிற் கருதுவோமாயின், அரிதாயினும் சில மணிநேரத்தில் உயிரைப் பறிக்கவல்ல நிலையொன்று நம் கண்ணுக்குத் தப்பிவிடும். எனவே கடும் வலியில் பின்பற்றத்தக்கது இரண்டாவது முறையே. அம்முறையின்படி எழும் முதல் வினா, “இப்பெண் கருவுற்றிருக்கின்றாளா?” என்பதாகும்.

கரு கருப்பைக்கு வெளியே பதிவதைப் புறக்கருப்பம் என்பர். நூறு கருப்பங்களுள் ஒன்று அல்லது இரண்டு இவ்வாறமைகின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பலோப்பியன் குழாயிலேயே பதிகின்றன. கருப்பையைப் போல் விரியும் தன்மை அக்குழாய்க்கு இல்லை. கடைசி மாதவிடாயிலிருந்து ஆறு முதல் எட்டு வாரமளவில், வளருங் கரு குழாயின் சுவரை அரித்து அதனை வெடிக்கச் செய்யலாம். அப்போது குருதி வெளியே தெரியாது வயிற்றறையினுள்ளேயே பெருகும். இங்கிலாந்தின் சத்திரசிகிச்சை நிபுணர் லோசன் ரெயிற், வெடித்த குழாயைக் கட்டி அகற்றி நோயாளியைப் பிழைக்கவைத்தது 1883ஆம் ஆண்டிலாகும். அதற்கு முன்னர் இந்நிலை பெரும்பாலும் மரணத்திலேயே முடிந்தது. இன்று காலத்தோடு அறியப்படின் அது முற்றாகக் குணப்படுத்தத்தக்கது. வெடிக்காத நிலையில், தகுதியுள்ளோருக்கு மெதோத்திரெக்சேற்று என்னும் மருந்தே போதுமானதாகலாம்.

இதன் அறிகுறிகள் சில ஏமாற்றுந் தன்மையன. வயிற்றினுட் பெருகிய குருதி பிரிமென்றகட்டை உறுத்தும்போது தோள்முனையில் வலி தோன்றும். கொழுந்துக் கூடை சுமந்த தோள்வலியென அதனைத் தள்ளிவிடல் எளிது. மலங்கழிக்கச் சென்றவிடத்து மயங்கி விழுதல் மற்றோர் அறிகுறி. இளவயதினரின் உடல் குருதியிழப்பை நெடுநேரம் ஈடுசெய்து நிற்கும். குருதியமுக்கம் வீழ்வதற்கு முன்னரே நாடித்துடிப்பு விரையலாம். அமுக்கம் வழமையாயுள்ளதென அமைதியடைதல் தகாது. நாடி வழமையாயிருப்பதும் ஆபத்தில்லை என்பதற்கு உறுதியாகாது.

முதல் வினாவுக்கு விடை பெறுவதில் மொழிக்குப் பெரும் பங்குண்டு. கருவுற்றிருத்தலை நம் மக்கள் ‘முழுகாமல் இருத்தல்’ என்பர். மாதவிலக்கின் பின் தலைமுழுகும் வழக்கத்திலிருந்து பிறந்த தொடர் இது. ஆயின் புறக்கருப்பத்தில், மாதவிடாய் எதிர்பார்க்கப்படும் காலத்தை அண்டிச் சிறிதளவு குருதி கசிதல் உண்டு. அதனை மாதவிலக்கெனக் கொண்டு தலைமுழுகிய பெண், தான் முழுகாமல் இல்லை என்றே உண்மையாக விடையிறுப்பாள். ஆதலின், ‘கடைசியாக எப்போது வந்தது’ என வினவுவதோடு நில்லாது, ‘அது வழக்கமான அளவில், வழக்கமான நாள்களுக்கு நீடித்ததா, அதற்கு முந்தியது எப்போது’ எனவும் வினவுதல் இன்றியமையாதது. கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவரிடத்தும் இவ்வினாவைத் தவிர்த்தல் ஆகாது. அச்சிகிச்சையின் பின் கருத்தரித்தல் மிக அரிது. ஆயினும் அவ்வாறு தரிக்குமிடத்து அது குழாயிற் பதியும் வாய்ப்பு அதிகம். ‘ஆபரேசன் செய்தாகிவிட்டது’ என்னும் விடையுடன் விசாரணை முடிவுறுமாயின் அது பெருந்தவறாகும்.

வினா எவ்விடத்தில், எவர் முன்னிலையில் கேட்கப்படுகின்றது என்பதும் கருதற்பாலது. மணமாகாத பெண்ணோ, கணவன் வெளியூரில் வேலைசெய்யும் பெண்ணோ, மாமியார் அருகிலிருக்க உண்மை கூறுவாள் என எதிர்பார்த்தல் பொருந்தாது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்கும் நோக்கிலன்றிச் செய்யப்படும் கருச்சிதைப்பைக் குற்றமாகக் கொள்கின்றது. அதனால், மறைவிற் செய்யப்பட்ட கருச்சிதைப்பின் பின் காய்ச்சலும் வலியுமாக வருவோர் காரணத்தை மறைக்க நேரிடுகின்றது. தனியிடமும் கடிந்துரையாத சொல்லும் இங்கு நோயறியுங் கருவிகளாகின்றன. தமிழ் பேசும் நோயாளியும் சிங்களம் பேசும் மருத்துவரும் சந்திக்குமிடத்து, இழுத்துப்பிடித்தல், குத்துதல், கடுத்தல், பிசைதல் என நம் மொழி வேறுபடுத்திக் காட்டும் வலிகள் யாவும் ‘வயிற்றுவலி’ என்னும் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடல் கூடும். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் தமிழ்மொழி மூலம் மேனாட்டு மருத்துவங் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், உடற்கூறு, சத்திரவைத்தியம், பிரசவ வைத்தியம் முதலிய துறை நூல்களைத் தமிழிற் கொணர்ந்தமை நினைவுகூரத்தக்கது. நோயாளியின் மொழியில் மருத்துவம் பேசவேண்டிய தேவை இன்றும் குறைந்திலது.

நோயாளியின் விடை யாதாயினும், சிறுநீரில் கருப்பச் சோதனை செய்தல் வேண்டும். சில நிமிடங்களில் முடிவு தரும் இச்சோதனைப் பட்டிக்கு ஆய்வுகூடமோ மின்சாரமோ வேண்டியதில்லை. தோட்ட மருந்தகத்திலும் இதனைச் செய்யலாம். விடை ‘ஆம்’ எனின், கருப்பம் கருப்பையினுள் உள்ளதென்று மக்கள் ‘ஸ்கான்’ எனக் கூறும் கழியொலிப் பரிசோதனையில் காணப்படும்வரை புறக்கருப்பம் எனக் கருதியே நடத்தல் முறை. விடை ‘இல்லை’ எனின் அது பெரும்பாலும் விலக்கப்படுகின்றது. நாம் அடுத்த வினாவுக்குச் செல்லலாம்.

அடுத்த வினா, சத்திரசிகிச்சை உடன் வேண்டப்படும் வேறு நிலை உண்டா என்பதாகும். சூலகம் தன் காம்பில் முறுக்கிக்கொள்ளுதல் அவற்றுள் ஒன்று. பெரும்பாலும் கட்டியுள்ள சூலகமே முறுக்குறும். திடீரென ஒருபக்கத்தில் எழும் வலியும் உடன்வரும் வாந்தியும் இதற்குரியன. வலி விட்டுவிட்டு வருதலும் உண்டு. சில மணிநேரத்தில் முறுக்கை அவிழ்த்தாலன்றிச் சூலகம் அழிந்துபடும். ஸ்கானில் குருதியோட்டம் காணப்படினும் முறுக்கு இல்லையெனத் துணிதல் இயலாது. குடல்வால் அழற்சியில் பசியின்மையும், வலியின் பின் வாந்தியும், இடம்பெயர்ந்த வலியும் காணப்படும்.

இடுப்பறை உறுப்புகளின் தொற்றில் வலி பெரும்பாலும் இருபக்கமும் பரவிநிற்கும். காய்ச்சலும் வெள்ளைப்படுதலும் சேரலாம். இதனை ஐயுற்ற அளவிலேயே நுண்ணுயிர்க்கொல்லி தொடங்குதல் நன்று. தாமதம் பிற்காலத்தில் மலட்டுத்தன்மைக்கும் புறக்கருப்பத்திற்கும் வழிகோலும். மாதச் சுற்றின் நடுவில் சூல் வெளிப்படும்போது தோன்றும் வலி தானே தணிவது. சுற்றின் பிற்பாதியில் சூலக நீர்க்கட்டி வெடித்தலும் பெரும்பாலும் அத்தகையதே. எனினும் சிலருக்கு அதிலிருந்து குருதி மிகுதியாகப் பெருகலாம். சிறுநீர் எரிவு தொற்றையும், முதுகுப்புறத்திலிருந்து அடிவயிற்றுக்கு அலையலையாய் இறங்கும் வலி சிறுநீர்க்கான் கல்லையும் சுட்டும்.

இப்பிரதேசத்துக்குரிய ஒரு காரணத்தையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். மலையின் கிழக்கே வறண்ட தாழ்நிலத்தை அண்டிய ஊர்களில், இரவில் நிலத்திற் படுத்துறங்குவோரைக் கட்டுவிரியன் தீண்டுவதுண்டு. கடிவாயில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் தோன்றாது. கடும் வயிற்றுவலியே முதற்குறியாகலாம். விடியுமுன் வயிற்றுவலியுடன் எழுந்தவரின் இமைகள் சோர்ந்து தொங்குமாயின், வயிற்றை விடுத்து நஞ்சையே எண்ணுதல் வேண்டும்.

மேற்கூறியவற்றிலிருந்து, மலைநாட்டில் நோயறிதல் இரு கட்டங்களாக நிகழ்கின்றது எனலாம். ‘இது யாது நோய்’ என்னும் வினா வைத்தியசாலைக்குரியது. ‘இப்பெண் காத்திருக்கலாமா’ என்னும் வினா லயத்திலும் தோட்ட மருந்தகத்திலும் விடைகாண வேண்டியது. கருப்பம் உறுதியானதோ ஐயத்துக்குரியதோ ஆயினும், மயக்கம், தோள்முனை வலி, விரைந்த நாடி, இறுகிய வயிறு, ஓயாத வாந்தி, காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்றேனும் காணப்படினும், காத்திருத்தல் ஆகாது. கசாயமும் பேதி மருந்தும் கொடுத்து விடியும்வரை பார்ப்பதும், அரைப்பேராவது விழட்டும் என மலையில் வலியைப் பொறுத்து நிற்பதும் விலைமதிப்பற்ற மணித்துளிகளைக் கவர்ந்துகொள்வன. வலிநிவாரணி கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்னும் பழைய அச்சம் ஆய்வுகளால் ஆதாரமற்றதெனக் காணப்பட்டுள்ளது. எனவே வலியைத் தணித்தே மருத்துவர் அனுப்பலாம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்த 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையை அழைத்து, வண்டி வந்து சேரக்கூடிய இடத்திற்கு நோயாளியைப் படுத்தவாறே கொணர்தல் நன்று. அனுப்புவோர் கடைசி இரு மாதவிடாய்களின் திகதிகளையும் கருப்பச் சோதனையின் முடிவையும் நாடித்துடிப்பையும் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பாராயின், மொழி தெரியாத மருத்துவரிடமும் அத்தாள் நோயாளிக்காகப் பேசும்.

இவ்வினாக்களுட் பெரும்பாலானவற்றுக்கு அரிய கருவிகள் எவையும் வேண்டப்படுவதில்லை. குடும்பநல உத்தியோகத்தர், தோட்ட மருத்துவ உதவியாளர், பாடசாலை ஆசிரியை, வீட்டிலுள்ள மூத்த பெண்கள் ஆகியோர் இவற்றை அறிந்திருத்தல் போதும். ரிவர்ஸ்டன் கணவாயின் மூடுபனியையும் வளைவுகளையும் மாற்றுதல் எவர்க்கும் இயலாது. முதல் வினாவைத் தாமதமின்றிக் கேட்டல் அனைவர்க்கும் இயலும்.